இரண்டு பழுப்புப் பாட்டில்கள்

ஜூன் 5, திங்கள்

பதினோரு மாதத்துக்குப் பிறகு இன்று எலி வாசனையோடு வீட்டுக்கு வந்தேன். வாசல் குழாயில் கை கழுவி, குளித்து, துணியைத் தனி வாளியில் ஊறப்போட்டு, அதற்கப்புறம்தான் இதயாவைத் தூக்கினேன். அவள் என் கழுத்தில் மூக்கை வைத்து முகர்ந்துவிட்டு அழுதாள். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் கீழ்வீட்டு விமலாக்கா, "இத்தன நேரம் ஒரு சத்தமில்ல கண்ணு, உன்னையப் பாத்ததுந்தான் பாட்டு ஆரம்பிக்குது" என்று சிரித்தார்.

செப்டம்பருக்குள் இந்த ஒரு பரிசோதனையை முடித்து ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவு காலாவதி. என் வழிகாட்டி வசுமதி மேடம் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. தேதியைத் தாளில் எழுதி மேஜையில் என் பக்கமாக நகர்த்தினார். கூடவே, யாருக்கும் புரிகிற மாதிரி ஒரு சுருக்கமும் வேண்டுமாம். இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

சினைப்பையை அகற்றிய பெண் எலிக்கு ஆணிடம் நாட்டம் இருக்காது. நெருங்கினால் உதைக்கும், கடிக்கும். அதே எலிக்கு எண்ணெயில் கரைத்த ஈஸ்ட்ரோஜனை ஊசியில் ஒரு துளி போட்டு, இரண்டு நாள் கழித்துப் புரோஜெஸ்டிரோன் போட்டால், நாலைந்து மணி நேரத்தில் ஆண் ஏறும்போது முதுகை வில்லாக வளைத்து, வாலை ஒதுக்கி, அசையாமல் நிற்கும். முதல் ஊசி வெறும் எண்ணெயாக இருந்தால் இரண்டாவது ஊசி பலிக்காது. பத்து எலிக்கு ஹார்மோன், பத்துக்கு வெறும் எண்ணெய். எது எதற்குப் போனது என்று எனக்குத் தெரியக்கூடாது. ஊசி போடுவது என் ஜூனியர் ஹசீனா. பட்டியல் அவளிடம் உறையில் இருக்கும். நான் நடத்தையை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவேன்.

இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் எலிகளிடமும் இது நடக்கிறது என்று காட்டினால்தான் என் மற்ற மூன்று அத்தியாயமும் நிற்கும்.

ஜூன் 7, புதன்

எண்ணெய் என்றால் நம் நல்லெண்ணெய்தான். ஈஸ்ட்ரோஜன் தண்ணீரில் கரையாது, இதில் கரையும். தெருமுனைச் செக்கில் வாங்கியதை வடிகட்டி, சூடாக்கிக் கிருமி நீக்கி, இரண்டு பழுப்புப் பாட்டிலில் இருநூறு மில்லி வீதம் ஊற்றினேன். ஒன்றில் ஹார்மோனைப் போட்டு இரவு முழுக்கச் சுழல வைத்தேன். கரைந்த பிறகு இரண்டுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. மணமும் ஒன்றுதான்.

ஜூன் 8, வியாழன்

மோசமான நாள். பாட்டில் கழுத்தில் வழிந்த எண்ணெய் மார்க்கர் எழுத்தைத் தின்றுவிட்டது. துணியால் துடைத்ததும் மிச்ச மையும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து விமலாக்கா போன்: "பாப்பாவுக்கு மேலு கொதிக்குது, பாட்டில் பால வாயிலயே வெக்க மாட்டீங்குது." எனக்கோ பால் கட்டி, மேலங்கி நனைந்துவிட்டது. இடது பக்கம் வைத்தது எண்ணெய், வலது பக்கம் ஹார்மோன். நினைவிருந்தது. புதிதாக எழுதி, இந்த முறை மேலே செலோடேப்பும் ஒட்டி, அலமாரியில் வைத்துவிட்டு ஓடினேன்.

காய்ச்சல் 100.4. இரவு எட்டுக்கு 99.1. இப்போது 98.8. இதயாவின் அப்பா இன்னும் ஷிப்ட் முடிந்து வரவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

கடையில் வாங்கிய பேபி ஆயில் ஒத்துக்கொள்ளாமல் இதயாவின் தொடை மடிப்பெல்லாம் சிவந்து கிடந்தது. வெள்ளியன்று ஆய்வகத்தில் ‘எண்ணெய்’ பாட்டிலிலிருந்து பாதியைத் தேன் பாட்டில் ஒன்றில் ஊற்றிக்கொண்டு வந்திருந்தேன். ஆய்வகத்திலிருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. ஆனால் இது நான் வாங்கிய எண்ணெய், நானே வடிகட்டியது. இவ்வளவு சுத்தமான எண்ணெய் எந்தக் கடையில் கிடைக்கும்?

காலையில் உச்சந்தலையிலிருந்து பாதம் வரை தேய்த்து, அரை மணி நேரம் வெயிலில் காட்டி, பயத்தம்மாவு போட்டுக் குளிப்பாட்டினேன். மூன்று மணி நேரம் தூங்கினாள். இனி தினமும் இதுதான்.

ஜூன் 15, வியாழன்

முதல் சோதனை. அறையில் காலை பத்துக்கு விளக்கணையும், இரவு பத்துக்கு எரியும். நம் பகல்தான் எலிகளுக்கு இரவு. சிவப்பு பல்பின் அடியில் உட்கார்ந்து நான் எண்ணுகிறேன். ஆண் எலிகளைத் தூக்கி வருகிற பொன்னுசாமி அண்ணன் கதவைத் தள்ளும்போதே, "மாப்பளைக வந்தாச்சுங்க அம்மணி. பொண்ணு வீட்டுக்காரங்க தயாருங்களா?" என்பார். இத்தனை மாதத்தில் அந்தக் கேலி மட்டும் மாறவில்லை.

ஏழாம் எண் நின்றது. ஒன்பது, ஆணின் மூக்கைக் கடித்துவிட்டது. "இது நம்மூட்டு அம்மணி மாதிரி போல" என்றார் அண்ணன்.

ஜூன் 19, திங்கள்

இன்று அவருக்கு விடுமுறை. பாப்பா தூங்கியதும் தோளில் கை வைத்தார். என் முழங்கை தானாகப் போய் அவர் விலாவில் இடித்தது. வேண்டுமென்று செய்யவில்லை.

"எலிக்கெல்லாம் ஊசி போடற. வீட்டுக்கு ஒண்ணு எடுத்துட்டு வந்தா ஆகாதா?"

பால் கொடுக்கிற உடம்பில் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருக்கும், அதனால்தான் என்று விளக்கினேன். "அதுக்கும் ஒரு காரணம் கையிலயே வெச்சிருக்கறியா" என்று திரும்பிப் படுத்தார். கோபமில்லை. சம்பத்துக்குக் கோபம் வந்தால் பேசவே மாட்டார்.

ஜூன் 22, வியாழன்

இரண்டாவது சோதனை. பத்து எலி நிற்கிறது, பத்து உதைக்கிறது. நடுவில் சந்தேகமே இல்லை! இவ்வளவு சுத்தமான முடிவு எங்கள் ஆய்வகத்தில் யாருக்கும் வந்ததில்லை. மேடம், "வெரி குட் சுகந்தி" என்றார். திருமணத்துக்கு முன்னால் கேட்ட வார்த்தை.

ஏழாம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசிக்கு முன்னால் உதைத்த எலி. ஒரு துளி எண்ணெய் உள்ளே போனது, நிற்கிறது. அதற்கு விருப்பம் வந்து நிற்கிறதா, நிற்பதைத் தவிர வேறு வழியில்லாமல் நிற்கிறதா? இதற்கு மதிப்பெண் தாளில் கட்டம் கிடையாது.

பாப்பாவின் தோல் மினுமினுக்கிறது. சிவப்பெல்லாம் போய்விட்டது. "செல செஞ்சாப்ல இருக்கறா" என்றார் அவர்.

ஜூன் 23, வெள்ளி

குளிப்பாட்டும்போது இடது மார்க்காம்புக்குக் கீழே ஏதோ உருண்டது. பட்டாணி அளவு. அழுத்தினால் சிணுங்குகிறாள்.

விமலாக்கா பார்த்துவிட்டு, "பால் கட்டி கண்ணு. பொறந்த புள்ளைகளுக்கு வாறதுதான். அமுக்கி உட்டாச் செரியாப் போயிரும்" என்று கையைக் கொண்டுபோனார். நான் கத்திவிட்டேன். அவர் கையை இழுத்துக்கொண்டு, "நான் என்ன ஊராளா?" என்றார். மாலையில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் பிறந்த குழந்தை இல்லையே அக்கா, பதினோரு மாதமாயிற்றே என்று மட்டும் சொல்லவில்லை.

கைபேசியில் தேடினேன். பெரும்பாலும் தானாகவே சரியாகும் என்று போட்டிருக்கிறது. எட்டு இடத்தில் அப்படி. ஒன்பதாவது இடத்தை நான் திறக்கவில்லை.

ஜூன் 26, திங்கள்

வலது பக்கமும். ஆய்வகத்து வெர்னியரைக் கொண்டுவந்து அளந்தேன். இடது 12 மில்லிமீட்டர், வலது 9. டயப்பரில் வெள்ளையாகக் கொஞ்சம். உடம்புச் சூடாக இருக்கும். இளநீர் கொடுத்தேன்.

குழந்தை டாக்டரிடம் சனி மாலை ஐந்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். சம்பத்திடம் தடுப்பூசி என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 28, புதன்

உறையைப் பிரித்தோம். மேடம், ஹசீனா, நான். ஹசீனா பட்டியலை வாசிக்க வாசிக்க நான் மதிப்பெண்ணை எதிரே எழுதினேன். நாலாவது எலியிலேயே மேடத்தின் பேனா நின்றுவிட்டது.

நின்ற பத்தும் வெறும் எண்ணெய் போட்டவை. உதைத்த பத்தும் ஹார்மோன் போட்டவை.

"ஹசீனா, பட்டியலைத் தலைகீழா எழுதிட்டியா?"

"இல்ல மேடம்... அப்படி எழுதியிருக்க மாட்டேன்னுதான்..."

"மாட்டேன்னுதான்னா என்னம்மா அர்த்தம்? அன்னிக்கு நோன்பு வேற இல்லையே, தலை சுத்திடுச்சுன்னு சொல்றதுக்கு."

ஹசீனாவின் முகம் சுருங்கியது. வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான்தான் மாத்தி எழுதியிருப்பேன்போல. ரெண்டு தலைப்பையும் மாத்திப் போட்டுட்டா முடிவு சரியாயிடும்ல? யாருக்குக்கா தெரியப்போகுது?"

பட்டியல் மாறியிருந்தால் தலைப்பை மாற்றினால் போதும். பாட்டில் மாறியிருந்தால்?

ஹசீனா என் பதிலுக்காக நின்றாள். "பார்க்கலாம்" என்றேன். அவள்தான் தவறு செய்தாள் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

இன்று முதல் பாப்பாவுக்கு எண்ணெய் வேண்டாம். சளி பிடிக்கிற மாதிரி இருக்கிறது.

ஜூன் 29, வியாழன்

தேன் பாட்டிலை மூன்று பாலித்தீன் பையில் சுற்றிக் கைப்பையில் வைத்து எடுத்துப்போனேன். அடியில் இரண்டு விரற்கடை எண்ணெய் மிச்சம்.

சினைப்பை அகற்றியும் சோதனைக்கு எடுக்காத பெண் எலிகள் நான்கு இருந்தன. 21, 22 இரண்டுக்கும் தேன் பாட்டில் எண்ணெய். 23, 24 இரண்டுக்கும் காலையில் செக்கில் வாங்கிய புது எண்ணெய். பதிவேட்டில் எழுதவில்லை. அனுமதியில்லாமல் ஓர் எலியைக்கூடத் தொட்டதில்லை நான், இதற்கு முன்.

"கணக்குல இல்லாத பொண்ணுகளுக்கு எதுக்குங் அம்மணி ஊசி?" என்றார் பொன்னுசாமி அண்ணன்.

"சந்தேகம்ண்ணா. சனிக்கிழமை மாப்பிள்ளை ஒண்ணு வேணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கேலி செய்யவில்லை.

சனி காலை எட்டுக்குப் புரோஜெஸ்டிரோன். ஒரு மணிக்குத் தெரியும். ஐந்து மணிக்கு டாக்டர். 21, 22 உதைத்துவிட்டால் டாக்டரிடம் பாட்டில் பேச்சையே எடுக்க வேண்டியதில்லை.

ஜூன் 30, வெள்ளி

இடது 12, வலது 10. மழை.

ஜூலை 1, சனி

காலை ஆறரைக்கு அவர்தான் டயப்பர் மாற்றினார். "சுகந்தி" என்று ஒரு தடவைதான் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். சிவப்பாக ஒரு சொட்டு. காசு அளவு. பக்கத்தில் இன்னொன்று, சிறியது.

"கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"சாயந்தரம் அஞ்சு மணிக்கு வாங்கியிருக்கங்க."

"ரத்தம் வருது புள்ளைக்கு. அஞ்சு மணியா?"

"ஒரு மணி வரைக்கும் பொறுங்க. எனக்கு லேப்ல ஒரு வேலை இருக்கு. அது முடிஞ்சாத்தான் டாக்டர்ட்ட என்ன சொல்றதுன்னு தெரியும்."

அவர் என்னையே பார்த்தார். "என்ன வேலை?"

சொல்லவில்லை. அந்த இரண்டு சொட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தினமும் ஈஸ்ட்ரோஜன் போய்க்கொண்டிருந்த உடம்பில் அதைச் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இப்படித்தான் வரும். இளங்கலைப் பாடம். நான் நிறுத்தியது புதன்கிழமை. இருந்தும், 22 உதைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

எட்டு மணிக்கு நான்குக்கும் ஊசி. கூண்டுக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் பதினொரு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஒரு மணிக்குப் பொன்னுசாமி அண்ணன் ஆண் எலியோடு வந்தார்.

23 உதைத்தது. 24 மூலைக்கு ஓடி, திரும்பி நின்று கடித்தது.

21-இன் கூண்டில் ஆணை விட்டோம். அது முகர்ந்தது. 21 இரண்டடி துள்ளி ஓடியது. ஓடுகிறது, பார், ஓடுகிறது என்று எனக்குள் ஏதோ எழுந்தது. அது காதைப் படபடவென்று அதிர்த்துவிட்டு நின்றது. ஆண் ஏறியது. முதுகு வளைந்தது. வால் ஒதுங்கியது. சிவப்பு வெளிச்சத்தில், பாடப்புத்தகப் படம்போல.

22-உம்.

"அம்மணி, கெட்டதுங்களா?" என்றார் அண்ணன். தலையாட்டினேன். "அப்ப இங்க உக்காந்திருக்காதீங்க. போங்க. எலிகள நான் பாத்துக்கறேன்."

வாசலில் சம்பத் பைக்கோடு நின்றிருந்தார். பாப்பாவை நெஞ்சோடு துணியில் கட்டியிருந்தார், அவள் உறங்கிக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகக் காவலாளி அவருக்குத் தன் நாற்காலியைக் கொடுத்திருந்தார். அவர் உட்காரவில்லை.

எல்லாம் சொன்னேன். பாட்டில், லேபிள், தேன் பாட்டில், 21, 22. முடிந்ததும் கேட்டார்:

"எப்ப இருந்து சந்தேகம் உனக்கு?"

"புதன்கிழமை."

"மூணு நாளா." பைக்கைக் கிளப்பினார். "என்ற புள்ளைக்கு என்னாச்சுன்னு எலிகிட்டக் கேட்டிருக்கற. எங்கிட்டக் கேக்கல."

வழியெல்லாம் பேசவில்லை.

டாக்டர் ஐந்து மணி வரை காக்கவைக்காமல் உடனே பார்த்தார். வயதான அம்மா. மார்பைத் தொட்டுப் பார்த்தார், டயப்பரைப் பார்த்தார். "வீட்டுல யாராவது ஹார்மோன் மாத்திரை, க்ரீம் ஏதாச்சும் பயன்படுத்தறீங்களா?" எல்லோரிடமும் கேட்கிற சாதாரணக் கேள்வி. இல்லை என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. தேன் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தேன்.

எவ்வளவு அடர்த்தி, தினம் எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டார். ஒரு மில்லிக்கு நூறு மைக்ரோகிராம், தினம் நாலைந்து மில்லி, பதினேழு நாள். அந்தக் கணக்கை மட்டும் சரியாகச் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றினார். "இதை நீ சொல்லலைன்னா இந்தக் குழந்தைக்குத் தலையை ஸ்கேன் பண்ணியிருப்பேன், வயித்தை ஸ்கேன் பண்ணியிருப்பேன், கட்டியோ கிட்டியோன்னு மாசக்கணக்கா அலைய விட்டிருப்பேன்." ரத்தப் பரிசோதனை, எலும்பு வயது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கக் கை எக்ஸ்ரே. நிறுத்தியாயிற்று என்பதால் கட்டி தானாகக் குறைய வேண்டும், மாதங்கள் ஆகும். "ஆறு வாரத்துல குறையலைன்னா மறுபடி யோசிக்கணும்" என்றார்.

இந்த ‘வேண்டும்’ என்ற சொல்லோடுதான் ஆறு வாரம் இருக்க வேண்டும்.

ஜூலை 4, செவ்வாய்

மேடத்திடம் சொன்னேன். ஹசீனாவின் பட்டியல் சரி, பாட்டில்தான் மாறியது. என் குழந்தைக்கு நடந்ததையும். மேடம், "எழுதிக் கொடு" என்றார். எழுதினேன்: லேபிள் எண்ணெயில் அழிந்தது, மறுபடி எழுதும்போது நினைவுப் பிசகால் மாறிவிட்டது. பல்கலைக்கழக ஆய்வுக் குழுவுக்குப் போகும். செப்டம்பர் இனி இல்லை.

ஹசீனா என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்க அவளுக்கு உரிமை உண்டு.

ஜூலை 9, ஞாயிறு

எலும்பு வயது சரியாக இருக்கிறது. இடது 12. இப்போது அவர்தான் குளிப்பாட்டுகிறார். சோப்பு உறையில் பொடி எழுத்தில் இருப்பதைக்கூட வாய்விட்டு வாசித்துவிட்டுத்தான் பிரிக்கிறார். என்னைத் தண்ணீர் ஊற்ற மட்டும் விடுகிறார்.

ஜூலை 23, ஞாயிறு

இடது 10, வலது 8. இரண்டு தடவை அளந்தேன். மூன்றாவது தடவை அவர் வெர்னியரை வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

இடது 7. வலது பக்கம் கைக்கே தட்டுப்படவில்லை. டாக்டர் இன்று முதன்முறையாகச் சிரித்தார். அடுத்து மூன்று மாதம் கழித்து வந்தால் போதுமாம். விமலாக்கா மடியில் நின்றுகொண்டு பாப்பா என்னைப் பார்த்து "எயி" என்றாள். அம்மா வரும் முன் எலி வந்துவிட்டது. சம்பத்கூடச் சிரித்துவிட்டார்.

குழு என் பதிவை ஆறு மாதம் நீட்டித்திருக்கிறது. மேடம் சிபாரிசு. "நினைவுப் பிசகு யாருக்கும் வரலாம், கைக்குழந்தைக்காரி வேற" என்று எழுதியிருக்கிறார். இரவு அந்தக் கடிதத்தைச் சம்பத்திடம் காட்டினேன். படித்துவிட்டு, மேஜையிலிருந்த இந்த நோட்டைக் காட்டி, "ஜூன் எட்டாந்தேதி என்ன எழுதின?" என்றார்.

இந்த நோட்டை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். விரல் வைத்து மெதுவாக வாசித்தார்.

"காய்ச்சல மூணு தடவ பார்த்து எழுதியிருக்கற. புள்ளியோட. பாட்டிலுக்கு மட்டும் ஒரே வார்த்தை. ‘நினைவிருந்தது.’"

விரலை அந்தச் சொல் மேலேயே வைத்திருந்தார்.

"இருந்துச்சா?"

"இல்லீங்க."

அதுதான் நடந்தது. துடைக்கும்போது இரண்டு பாட்டிலையும் கையில் எடுத்துவிட்டேன். போன் அடித்தது. கீழே வைத்தேன், எடுத்தேன், பேசிக்கொண்டே வைத்தேன். திரும்பிப் பார்த்தபோது எது எது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும். ஹார்மோன் வர மூன்று வாரம் ஆகும். பாப்பா அழுகிறாள். இடது எண்ணெய், வலது ஹார்மோன் என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததை அன்று இரவு இங்கே நினைவாக எழுதினேன். அடுத்த நாளே அந்த எண்ணெயை என் குழந்தைக்கு ஊற்றிக்கொண்டு வந்தேன், எனக்கே அதில் சந்தேகம் இல்லை என்று காட்டத்தான் கொண்டு வந்தேனோ என்னவோ.

அவர் நோட்டை மூடவில்லை. என் பக்கம் நகர்த்தினார். "மேடத்துக்கு இதயும் எழுதிக் குடு. பதிவு போனாப் போகுது" என்று சொல்லிவிட்டு, பாப்பா பக்கத்தில் போய்ப் படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து இருட்டுக்குள்ளிருந்து, "லைட்ட அணைச்சுட்டு வா" என்றார்.

ஆய்வுக் குறிப்பேட்டில் திருத்துவதற்கு ஒரு முறை உண்டு. கிழிக்கக் கூடாது, கிறுக்கக் கூடாது. ஒற்றைக் கோடு. அடியில் இருப்பது எல்லோரும் வாசிக்கும்படி. பக்கத்தில் சரியானது, கையெழுத்து, தேதி.

ஜூன் 8-ஆம் பக்கத்தில் ‘நினைவிருந்தது’ மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் எழுதினேன்: தெரியவில்லை. ஊகித்தேன். சுகந்தி, ஆகஸ்ட் 6.

காலையில் இந்தப் பக்கத்தை நகலெடுத்து மேடத்திடம் கொடுக்க வேண்டும். விளக்கை அணைக்கிறேன்.